ஏரிக்கு அந்தப் பக்கம் உன் மைதானம், இந்தப் பக்கம் என் மைதானம்

மெல்பேர்ண்
12 ஒக்ரோபர் 2024

அன்பின் நண்பனுக்கு,

நீயும் வீட்டிலுள்ள எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீ மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று உன் மகள் பேர்த்திலிருந்து தொலைபேசியில் சொன்னாள்; கேட்டு மனம் ஆறியது. அவுஸ்திரேலிய விதி ஃபுட்பால் இறுதியாட்டம் முடிந்து இரண்டு வாரமாகியும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அன்று மாலை இரண்டு முறை தொலைபேசியைக் கையில் எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன். சிட்னிக்குக் குடிபெயர்ந்த உன் சவுத் மெல்பேர்ண் கழகம், சிட்னி என்ற பெயரில் 60 புள்ளிகளால் தோற்றிருந்தது. பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்ட என் ஃபிட்ஸ்ரோய், பிரிஸ்பேன் என்ற பெயரில் கிண்ணத்தைத் தூக்கியிருந்தது. நான் மகிழ வேண்டுமா, உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமா, அல்லது நாம் இருவரும் சேர்ந்து ஒரே துக்கத்தை நினைத்துக்கொள்ள வேண்டுமா என்று தெரியாமல் தடுமாறினேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

மறுநாள் காலை அல்பேர்ட் பார்க் ஏரிக்குப் போனேன். என் அணியின் பழைய மைதானமான ஜங்ஷன் ஓவலில் தொடங்கி, ஏரிக்கரையோடு நடந்து, உன் அணியின் மைதானமான லேக் ஓவல் இருந்த வடக்கு முனை வரை போனேன். கறுப்பு அன்னங்கள் சாம்பல் நிறக் குஞ்சுகளோடு புல்தரையில் ஏறி மேய்ந்துகொண்டிருந்தன. நாம் சென்ட் கில்டாவில் ஓர் அறையைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்த நாட்களில், சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் நீ அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு நடந்து வருவாய். நீ வந்து சேரும்போது உன் முகத்தைப் பார்த்தே சவுத் வென்றதா தோற்றதா என்று எனக்குத் தெரிந்துவிடும். இப்போது எனக்கு அந்தத் தூரத்துக்கு இரண்டு இடங்களில் உட்கார வேண்டியிருந்தது.

1974இல் நாம் வந்திறங்கியபோது இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பார்த்து வளர்ந்த நமக்கு, கிரிக்கெட் மைதானத்தில் முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு 18 பேர் ஓடுவதைப் பார்க்கத் தலை சுற்றியது. நான்கு கம்பங்கள் எதற்கு, இலக்குத் தவறி அடித்தவனுக்கும் ஏன் ஒரு புள்ளி கொடுக்கிறார்கள் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். வெள்ளைக் கோட்டும் தொப்பியும் அணிந்த கோல் நடுவர், மருத்துவர் போல நிதானமாக முன்னால் வந்து, இரண்டு கைகளையும் இடுப்பளவில் நீட்டி இரண்டு விரல்களைக் காட்டிவிட்டு, இரண்டு கொடிகளை எடுத்து வீசியபோதுதான் அது ஆறு புள்ளி என்று உனக்கு விளங்கியது. அந்த நிமிடத்திலிருந்து நீ அந்த மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், பந்தை அல்ல.

நமது வீட்டுக்கார அம்மா ஃபிட்ஸ்ரோயில் பிறந்தவர். வாடகையோடு சேர்த்து அந்த அணியையும் என்னிடம் ஒப்படைத்தார். உனக்கு வேலை கிடைத்த இடம் சவுத் மெல்பேர்ண். திங்கட்கிழமை காலையில் அங்கே பேச்சுத்துணை வேண்டுமென்றால் வேறு அணியைச் சொல்ல முடியாது. ஃபிட்ஸ்ரோய்க் கழகம் அப்போது ஃபிட்ஸ்ரோயில் விளையாடவில்லை என்பதும், 1970 முதல் ஜங்ஷன் ஓவலில் குடியிருந்தது என்பதும், அந்த மைதானத்தின் ஓரமாகப் போகும் வீதியின் பெயரும் ஃபிட்ஸ்ரோய் வீதி என்பதும் எனக்குப் பல மாதங்கள் குழப்பமாகவே இருந்தன. நாம் வந்திறங்கிய 1974தான் கெவின் மரி ஆடிய கடைசி ஆண்டு. கைகளில் பச்சை குத்திய அந்த மனிதர் ஃபிட்ஸ்ரோய்க்காக 333 ஆட்டங்கள் ஆடியவர் என்று வீட்டுக்கார அம்மா சொன்னபோது, எனக்கு அந்த எண்ணின் பெறுமதி தெரியாது. இன்று தெரியும்.

சனிக்கிழமைகளை நினைத்துப் பார். 12 அணிகள், ஆறு ஆட்டங்கள், எல்லாமே பிற்பகல் 2.10க்குத் தொடங்கும். அந்த இரண்டரை மணி நேரம் நகரம் முழுவதும் ஒரே மூச்சாக இருந்தது. ஸ்கோர்போர்டில் மற்ற ஐந்து ஆட்டங்களின் நிலவரமும் வரும், ஆனால் அணிகளின் பெயர் இருக்காது. ஏ, பி, சி என்று எழுத்துகள் மட்டும். எந்த எழுத்து எந்த ஆட்டம் என்று அறிய ‘ஃபுட்பால் ரெக்கோர்ட்’ என்ற ஆட்டநாள் இதழை வாங்கியே ஆக வேண்டும். அதை வாங்கக் காசில்லாத வாரங்களில் நான் பக்கத்தில் நிற்பவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, உன் அணிக்கு எந்த எழுத்து என்று மனதில் பதித்துக்கொள்வேன். நீயும் ஏரியின் மறுமுனையில் நின்று என் அணியின் எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். கூட்டம் நிறைந்த நாட்களில், உயரம் போதாமல், வெறும் பியர் தகரங்களை ஒன்றுசேர்த்து அவற்றின் மேல் ஏறி நின்று பார்ப்பாய். கோல் விழுந்ததும் தகரங்கள் நழுவ, முன்னால் நிற்பவரின் முதுகில் போய் விழுவாய். மாலையில் ட்ராமில் இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்ட ‘ஸ்போர்ட்டிங் குளோப்’ கை மாறிக் கை மாறி வரும். கண்ணால் பார்த்துவிட்டு வந்த ஆட்டத்தையே நாம் திரும்ப வாசிப்போம்.

அந்த நாட்களின் ஆட்டம் இன்றையதை விடச் சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் மைதானத்தின் நடுப்பகுதி வயல் போலச் சேறாகிவிடும். கால் மணி நேரத்தில் இரு அணிகளின் சட்டைகளும் ஒரே நிறமாகிவிடும். நனைந்த தோல் பந்து கல்லாகக் கனக்கும். பந்தைத் தரையில் விழவிட்டு, அது மண்ணைத் தொடும் அதே கணத்தில் உதைக்கும் ட்ரொப் கிக்கை ஆடுபவர்கள் நாம் வந்தபோதே அருகிவிட்டார்கள். அது குறி தவறக்கூடியது, ஈரத்தில் உதவாதது. பயிற்சியாளர்கள் அதை ஒழித்தது நியாயம்தான். ஆனாலும் சரியாகப் பட்ட ஒரு ட்ரொப் கிக்கின் ஓசை வேறு. வியாழக்கிழமை மாலைகளில் வேலை முடிந்து ஜங்ஷன் ஓவல் வேலியோரம் நான் நின்றது அந்த ஓசைக்காகத்தான். செவ்வாய், வியாழன் மாலைகளில்தான் பயிற்சி, ஏனென்றால் பகலில் அவர்களுக்கும் நம்மைப் போலவே வேலை இருந்தது. மங்கிய விளக்கொளியில், வாயிலிருந்து புகை போல மூச்சு வர, தொழிற்சாலையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வந்த மனிதர்கள் ஓடுவதைப் பார்ப்பேன். அவர்கள் வேலியருகே வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையசைப்பார்கள். ஊர் தெரியாத ஒருவனுக்கு அந்தத் தலையசைப்பு எவ்வளவு பெரியது என்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1979 ஜூலையில் வேவர்லி மைதானத்தில் மெல்பேர்ண் அணியை 238க்கு 48 என்று, 190 புள்ளிகளால் ஃபிட்ஸ்ரோய் வென்ற நாளில் நீ எனக்காக வந்திருந்தாய். அந்த வித்தியாசம் இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. 1981இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை என் பேர்னி குவின்லனும் உன் பரி ரவுண்டும் சமமாகப் பங்கிட்டபோது நாம் இருவரும் ஒரு போத்தலைப் பங்கிட்டோம். இருவருமே ஃபுட்ஸ்கிறேயிலிருந்து வந்தவர்கள், ஒருவர் உன்னிடமும் ஒருவர் என்னிடமும் வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாய். சவுத் அணி லேக் ஓவலில் ஆடிய கடைசி ஆண்டு அதுதான். 2022 டிசம்பரில் ரவுண்ட் காலமானபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த இரவுதான்.

1982இல் அணி சிட்னிக்குப் போனதை நீ எப்படித் தாங்கினாய் என்று அப்போது நான் கேட்கவில்லை. கடன் கழுத்தை நெரித்தது, வேறு வழியில்லை என்றார்கள். சவுத்தை சவுத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டவர்களோடு நீயும் மழையில் நின்றாய். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், உன் அணி வேறொரு நகரத்தின் மைதானத்தில் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தாய். அறைக்குள் வந்த என்னிடம், “சனிக்கிழமை என்ன செய்கிறது என்று தெரியவில்லை மச்சான்” என்று மட்டும் சொன்னாய். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதற்காக இன்று வருந்துகிறேன். என் முறை வரும்வரை எனக்கு அது விளங்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. பழைய நாட்களைப் பற்றி எழுதும்போது அவற்றுக்கு முலாம் பூசுவது எனக்குப் பிடிக்காது. ஒரு மைதானத்தின் அவுட்டரில், அதாவது பொதுமக்கள் நின்று பார்க்கும் திறந்தவெளிப் பகுதியில், நம் தோலின் நிறத்தைச் சொல்லி ஒருவன் கத்தியதும், சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட வாய் திறக்காததும், நாம் மறுபக்கத்துக்கு நகர்ந்துபோய், புள்ளிகள் சமமாக இருந்ததால் கடைசிச் சைரன் வரை நின்றதும் உனக்கும் நினைவிருக்கும். களத்தில் ஆடிய பழங்குடி வீரர்கள் ஒவ்வொரு வாரமும் அதைவிடக் கொடியதைக் கேட்டார்கள். 1993 ஏப்ரலில் விக்டோரியா பார்க் மைதானத்தில் நிக்கி வின்மார் என்ற பழங்குடி வீரர் தன் சட்டையைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக்காட்டிய படத்தை நான் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளின் பின், மைக்கல் லோங் என்ற இன்னொரு பழங்குடி வீரர் தனக்கு நேர்ந்த நிந்தனையை விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நின்றதால், களத்தில் இனநிந்தனையைத் தடுக்கும் விதி வந்தது. அந்த விதி இல்லாத காலத்துக்குத் திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை.

ஃபிட்ஸ்ரோயின் முடிவு மெதுவாக வந்தது. ஜங்ஷன் ஓவலை விட்டு விக்டோரியா பார்க், அங்கிருந்து பிரின்சஸ் பார்க், பிறகு வெஸ்டர்ன் ஓவல் என்று வாடகை வீடு மாறும் குடும்பம் போல அலைந்தது. நவுரு நாட்டிடம் பட்ட கடன் கடைசியில் கதவைத் தட்டியது; 1996 பருவத்தோடு பிரிஸ்பேனோடு இணைத்துவிடுவது என்று முடிவானது. அந்த ஆண்டு ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றோம். ஓகஸ்ட் 25, எம்.சி.ஜி. என்ற மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் ரிச்மண்ட் அணியுடன் மெல்பேர்ணில் கடைசி ஆட்டம். 151 புள்ளிகளால் தோற்றோம். அன்று நீ பேர்த்துக்குக் குடிபோயிருந்தாய். நாலாவது கால்வாசியில் என்னைச் சுற்றி யாரும் ஸ்கோரைப் பார்க்கவில்லை. சைரன் ஒலித்த பிறகு வீரர்கள் மைதானத்தைச் சுற்றி நடந்து வந்தார்கள். மஞ்சளும் கறுப்பும் அணிந்த ரிச்மண்ட் ஆட்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் தன் கழுத்துத் துண்டை நான்காக மடித்து, சட்டைப்பைக்குள் வைத்து, பொத்தானைப் பூட்டினார். அடுத்த ஞாயிறு பேர்த்தின் சுபியாகோ மைதானத்தில் கடைசிக் கடைசி ஆட்டம். எனக்காக நீ அதற்குப் போனாய். அந்த நுழைவுச்சீட்டின் அடிக்கட்டையைத் தபாலில் அனுப்பினாய். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

பழைய கணக்குகளைப் புரட்டுவது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். 1899ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் மோதியவை நம் இரண்டு கழகங்கள்தான். ஃபிட்ஸ்ரோய் 27, சவுத் மெல்பேர்ண் 26. ஒரே ஒரு புள்ளி. ஆடிய இடம், நாம் குடியிருந்த அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அதே ஜங்ஷன் ஓவல். சரியாக 125 ஆண்டுகள் கழித்து, செப்டம்பரின் கடைசிச் சனியில், ஒரு இலட்சம் பேருக்கு முன்னால், அந்த இரண்டு கழகங்களின் வாரிசுகள் மறுபடியும் மோதின; ஆனால் இரண்டுக்குமே இந்த நகரத்தில் இப்போது வீடில்லை. பிரிஸ்பேன் வென்றதும் பிரெஞ்சு தேசிய கீதத்தின் மெட்டில் அந்தப் பழைய ஃபிட்ஸ்ரோய்ப் பாட்டு எழுந்தபோது என் உதடுகள் என்னையறியாமல் அசைந்தன. பாடி முடித்ததும் உன்னை நினைத்தேன். 2005இல் சிட்னி 72 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் வென்ற இரவில் நீ தொலைபேசியில் பேச முடியாமல் அழுததை நினைத்தேன்.

என் பேத்தி சனிக்கிழமைகளில் பெண்பிள்ளைகள் அணியில் ஆடுகிறாள். நாம் பார்த்த காலத்தில் அவளுக்கு அந்த வாய்ப்பே இருந்திருக்காது. அவளிடம் ட்ரொப் கிக்கைப் பற்றிச் சொன்னேன். இரண்டு நாள் தோட்டத்தில் முயன்று, மூன்றாம் நாள் ஒன்றைச் சரியாக உதைத்தாள். சமையலறைக்குள் இருந்த எனக்கு அந்த ஓசை கேட்டது.

அடுத்த குளிர்காலத்தில் முழங்கால் சரியானதும் வா. ஃபிட்ஸ்ரோய்க் கழகம் 2009 முதல் அமெச்சூர் அணியாக, தன் பழைய பிரன்ஸ்விக் வீதி மைதானத்திலேயே சனிக்கிழமைகளில் ஆடுகிறது. பழைய மாடம் இன்னும் நிற்கிறது; வேலியில் சாய்ந்து நின்று பார்க்கலாம், வீரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். நீ விட்டுப்போன சிவப்பு வெள்ளைக் கழுத்துத் துண்டு என் அலுமாரியில் இருக்கிறது, பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். விமானத்தை வெள்ளிக்கிழமைக்குப் பதிவு செய். துல்லமறின் விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்