பிடிக்காமல்தான் படித்தேன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழின் நூல் மதிப்புரைப் பக்கத்தில் உங்கள் மதிப்புரையாளர் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். பிடிக்காத புத்தகத்தை யாரும் கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லையாம், படித்து முடித்துவிட்டுக் குறை சொல்பவர்கள் உள்ளுக்குள் ரசித்தவர்கள்தானாம். நான்கு நாளாக அந்த வரி மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் என்னைப் பொய்க்காரி என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

அவர் மதிப்புரை எழுதிய அந்த நாவலை நானும் படித்தேன். பிடிக்காமல்தான் படித்தேன். கதை சொல்பவன் கணவன், குரலை உயர்த்தாதவன். மனைவி தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்து அவள் தலையைத் தடவியபடி "உங்கம்மா ஏன் பதிலே போடலை?" என்று ஆறுதலாகக் கேட்கிறான். அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. புத்தகத்தை மூடி, அலமாரியில் அகராதிக்குப் பின்னால் செருகினேன். இனி தொடுவதில்லை என்றுதான் படுத்தேன். இரவு ஒன்றரை மணிக்கு எழுந்துபோய் அதை எடுத்து, நின்றபடியே நாற்பது பக்கம் படித்தேன். கால் மரத்துப்போனது அப்புறம்தான் தெரிந்தது.

ஏன் எழுந்தேன் என்றால், கடிதம் எரிந்த விஷயம் அவளுக்கு என்றைக்காவது தெரியவருமா என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை, அவளை அந்த வீட்டில் அவனோடு தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் நிம்மதியாகப் படுத்திருப்பதுபோல இருந்தது. இதற்கா ரசனை என்று பெயர்?

உங்களுக்குத் தெரியாதது இல்லை. பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே மனிதர்கள் மறுபடி கையில் எடுக்கிறார்கள் என்று மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியல் ஆய்வாளர் 1928-லேயே சோதித்துக் காட்டிவிட்டார். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே பிளேட்டோ, லியோன்டியஸ் என்பவனின் கதையைச் சொல்லியிருக்கிறார். கோட்டைச் சுவருக்கு வெளியே தண்டிக்கப்பட்டவர்களின் பிணங்கள் கிடக்கின்றன. பார்க்கவும் தோன்றுகிறது, அருவருப்பாகவும் இருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு தன்னோடு போராடிப் பார்த்து, கடைசியில் தோற்று, கண்ணை அகலத் திறந்துகொண்டு ஓடிப்போய், தன் கண்களையே திட்டியபடி பார்க்கிறான். ஒரே மனசுக்குள் அந்த இழுப்பும் இருக்கும், அதன்மேல் கோபமும் இருக்கும். கோபத்தைப் பொய் என்று சொல்ல உங்கள் மதிப்புரையாளருக்கு என்ன உரிமை இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது" என்ற வரி உங்கள் பக்கத்தில் இதழ் தவறாமல் வருகிறது, எப்போதும் பாராட்டாகவே வருகிறது. கீழே வைக்க முடியாமல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல், வீட்டில் இருப்பவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்த எனக்கு அது பாராட்டாகத் தெரியவில்லை. அப்புறம், முதல் ஐம்பது பக்கத்துக்குமேல் ஒரு சம்பவத்தைக்கூடத் தொடாத மதிப்புரைகளும் வருகின்றன. எழுதியவர் முழுதாகப் படித்தாரா என்று கேட்டுப் போன வருஷமே எழுதினேன். நீங்கள் பிரசுரித்தீர்கள், நன்றி. ஆனால் அந்தக் கேள்வி இருந்த கடைசிப் பத்தியை மட்டும் வெட்டிவிட்டீர்கள். மிஞ்சியது வெறும் வாழ்த்துக் கடிதம். அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு வருத்தமாக இருந்தது தெரியுமா?

சரி, நான் கேட்பது சின்ன விஷயம்தான். கீழே வைக்க முடியவில்லை என்று எழுதினால், எதனால் முடியவில்லை என்றும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மகிழ்ச்சியாலா, பதற்றத்தாலா, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தாலா? அது தெரிந்தால் எந்த நேரத்தில் எடுப்பது, எடுக்கலாமா வேண்டாமா என்று என்னைப் போன்றவர்கள் முடிவு செய்துகொள்வோம்.

இந்த முறையாவது கடைசிப் பத்தியோடு போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி