அப்பான்ர போலிங் காட்

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய்? போன கிழமை கதைக்கேக்க லைன் கட்டாகினதால சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லேலாமப் போச்சு, அதான் இண்டைக்கு ஆறுதலா இருந்து எழுதுறன். இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் நோ, படி ஏறமாட்டா.

அம்மான்ர அலுமாரியை ஒதுக்கேக்க அப்பா காணி உறுதியள் வைச்ச ஃபைலுக்குள்ள ஒரு போலிங் காட் கிடந்துது மச்சான், 1977 எலெக்சன் காட். மூலையெல்லாம் செல்லரிச்சு மை மங்கிப் போச்சு, ஆனா காங்கேசன்துறை எண்ட பேர் மட்டும் வடிவா வாசிக்கலாம். 90ல சண்டையில தெல்லிப்பழையால ஓடேக்க அந்த மனுசன் உடுப்பைக்கூட ஒழுங்கா எடுக்கேல்லை, இதை மட்டும் உறுதியோட சேத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ரெண்டு நாளா எனக்கு இதே நினைவுதான்.

எங்கட காங்கேசன்துறைத் தொகுதி 1947ல துவங்கி 1989ஓட முடிஞ்சுது. ஒரு தொகுதி, ஒரு எம்.பி. றோட்டோ வேலையோ கடிதமோ, போய்க் கேக்கிறதுக்கு ஒரு ஆள் இருந்தார், அந்தாள் பிழை விட்டா அடுத்தமுறை வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பியும் இருக்கினம். இப்பத்தைப் பெடியளிட்ட தந்தை செல்வா, செல்வநாயகம், காங்கேசன்துறையில தோத்தவர் எண்டு சொன்னா நம்பமாட்டாங்கள். 1947ல தமிழ்க் காங்கிரஸில வெண்டவர், மலையகச் சனத்தின்ர பிரஜாவுரிமையைப் பறிச்ச பிரச்சினையில காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தோட முறிச்சுக்கொண்டு 1949ல தமிழரசுக் கட்சியைத் துவங்க, 1952ல எங்கட ஆக்கள் யூ.என்.பி. (ஐக்கிய தேசியக் கட்சி) நடேசனைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிப்போட்டினம். 56ல திரும்ப அவரையே எடுத்தினம், அதுக்குப் பிறகு அவர் தோக்கவே இல்லை. மாவிட்டபுரமும் கீரிமலையும் இருக்கிற சைவத் தொகுதி, அவரோ கிறிஸ்தவர். இதை நினைக்க எனக்கு இப்பவும் பெருமைதான்.

ஆனா அதே மாவிட்டபுரத்திலதான் 1968ல கோயில் வாசலில சாதி சொல்லி எங்கட சனத்தையே எங்கட சனம் மறிச்சது. மறிச்ச பக்கத்துக்கு முன்னுக்கு நிண்ட சுந்தரலிங்கம் 1970ல அங்கயே எலெக்சன் கேட்டுத் தோத்தார். தமிழரசுக் கட்சி அந்த விசயத்தில இன்னும் உரத்துக் கதைச்சிருக்க வேணும் மச்சான், எனக்கு அந்த மனவருத்தம் போகேல்லை.

75 இடைத்தேர்தல் உனக்கு நினைவிருக்கும். 72ல நாட்டுக்குப் புது அரசியல் யாப்பு வந்தோண்ண, தமிழ்ச் சனம் இதை ஏற்கேல்லை எண்டு காட்டுறதுக்காக செல்வநாயகம் எம்.பி. பதவியை விட்டுப்போட்டு, துணிவிருந்தா இடைத்தேர்தல் வையுங்கோ எண்டு கேட்டார். அரசாங்கம் ரெண்டு வருசத்துக்கு மேல இழுத்தடிச்சு 1975 பெப்ரவரி 6தான் வைச்சுது, அவ்வளவு காலமும் எங்களுக்கு எம்.பி.யே இல்லை. எதிர்த்து நிண்டவர் கம்யூனிஸ்ட் கட்சி வி. பொன்னம்பலம். செல்வநாயகத்துக்கு 25,927, பொன்னம்பலத்துக்கு 9,457. நீயும் நானும் மதில்ல ஏறியிருந்து பாத்த கூட்டத்தில, நடுக்க வருத்தத்தோட அவரைக் கைத்தாங்கலா மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவை. மைக் இருந்தும் அவர் சொன்னது பின்னுக்குக் கேக்கேல்லை, ஆனா ஒரு சனம் அசையேல்லை, குழந்தைப்பிள்ளை அழுதாக்கூட தாய்மார் வாயைப் பொத்தினவை. அந்தக் கை நடுங்கினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

77 ஏப்ரலில அவர் செத்துப்போனார், யூலையில தமிழர் விடுதலைக் கூட்டணி அமிர்தலிங்கம் 31,155 வாக்கு எடுத்து வந்தார், அப்பான்ர புள்ளடியும் அதுக்குள்ள ஒண்டு. நாடு முழுக்க 30 வீதத்துக்குக் கிட்ட வாக்கு எடுத்த சிறீமாவின்ர கட்சிக்கு 8 சீற்தான், கூட்டணிக்கு 18, அதால எங்கட எம்.பி. எதிர்க்கட்சித் தலைவர். அந்த முறையின்ர அநியாயமும் அதுதான், பாதி வாக்கோட யூ.என்.பி. தலைவர் ஜே.ஆர். 168ல 140 சீற்றை அள்ளிக்கொண்டு போய் நினைச்சபடி யாப்பை மாத்தினார். 83 கலவரத்துக்குப் பிறகு ஆறாம் திருத்தம், தனிநாடு கேக்கமாட்டம் எண்டு சத்தியம் பண்ணச் சொல்ல கூட்டணி மாட்டனெண்டுது, கதிரை போச்சு.

1989 பெப்ரவரியில, மாவட்டத்தில கட்சி எடுத்த வாக்குக்கு ஏத்தமாதிரிச் சீற் பிரிக்கிற விகிதாசார முறை வந்து தொகுதியெல்லாம் 22 மாவட்டமாச்சு, நாங்கள் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ள வாக்கு எண்ணுற ஒரு பிரிவு. அடுத்த வருசம் சனமே இல்லை, பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை எல்லாம் உயர் பாதுகாப்பு வலயம். விகிதாசாரம் கூடாது எண்டு நான் சொல்லேல்லை, சின்னக் கட்சியளுக்கு அது தேவை. ஆனா மயிலிட்டிச் சனம் 27 வருசம் முகாமில கிடக்கேக்க, இது என்ர தொகுதி, என்ர சனம் எண்டு சொல்லி எழும்ப ஒரு ஆள் இல்லாமப் போச்சே, அதுதான் என்னால தாங்கேலாமக் கிடக்கு. நாட்டு வாக்காளரில எங்கட பங்கு குறையக் குறைய மாவட்டத்துக்கு 2010ல இருந்த 9 சீற்றும் 2024ல 6 ஆப் போச்சு.

உன்ர அப்பாவும் எங்கட அப்பாவும் ஒரே சைக்கிளில வோட்டுப் போடப் போனவை எண்டு அம்மா சொல்லுறா. எந்தப் பள்ளிக்கூடத்தில போட்டவை எண்டு உன்ர அப்பாவிட்டக் கேட்டு எழுது, காட்டில அந்த இடத்தைத்தான் செல்லரிச்சுப் போட்டுது.

உன்ர,
சிவா