விக்கிரவாண்டி தாண்டியாச்சு ஐயா

எல்லாருக்கும் வணக்கம். நேற்று அப்பாவின் நுரையீரல் புற்றுநோய்க்கு ஐந்தாவது கதிர்வீச்சு முடிந்தது. இனி இல்லை. ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

குரோம்பேட்டை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன சித்தி, காப்பீட்டுக் காகிதங்களோடு அலைந்த மாமா, கேட்காமலே பணம் போட்ட அலுவலக நண்பர்கள், முகமே பார்க்காமல் கதிர் அளவைக் கணக்குப் போட்டுத் தந்த இயற்பியலாளர், டாக்டரம்மா, எல்லாருக்கும் நன்றி.

மிச்ச இடம் முழுக்க, கதிர்வீச்சு மெஷினை இயக்கும் டெக்னீஷியன் தம்பிக்கு.

இந்த வயதில் அப்பாவின் நுரையீரல் கத்தியைத் தாங்காது, துல்லியக் கதிர்வீச்சுதான் என்றார்கள். வழக்கமாக நாளுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று ஆறு வாரம் தருவதற்குப் பதிலாக, ஒருநாள் விட்டு ஒருநாள் 10 கிரே வீதம் 5 தடவை. கட்டியோ மூச்சோடு மேலும் கீழும் போய்வரும். அது எவ்வளவு தூரம் நகர்கிறது என்று ஸ்கேனில் முன்பே பார்த்து, அவர் உடம்பு வாகுக்கே ஒரு மெத்தை செய்து, ஒவ்வொரு தடவையும் கதிர் விடுமுன் மறுபடி ஸ்கேன் எடுத்து மில்லிமீட்டர் கணக்கில் சரிபார்ப்பார்கள். அப்பா செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து, நாற்பது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும்.

அவருக்கு இருமல். முதல் நாளே மூன்று முறை நிறுத்தி, மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதாயிற்று. "வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்க, என்னால எல்லாருக்கும் லேட்டு" என்று வழியெல்லாம் புலம்பினார்.

இரண்டாம் நாள் தம்பி, "என்ன வேலை பாத்தீங்க ஐயா?" என்று கேட்டிருக்கிறார். விழுப்புரம்–சென்னை தடத்தில் 31 வருடம் கண்டக்டர். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் மைக்கில் குரல்: "ஐயா, விக்கிரவாண்டி தாண்டியாச்சு." அப்புறம் திண்டிவனம், மேல்மருவத்தூர், மதுராந்தகம். இருமல் வந்து நிறுத்தினால், "பஞ்சர் ஐயா, ஸ்டெப்னி மாத்திட்டுக் கிளம்பிடலாம்." அன்று வெளியே வந்த அப்பா, "செங்கல்பட்ட மறந்துட்டான்டி அவன்" என்று சிரித்தார். நவம்பருக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு மாதத்தில் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது, "பீடி பிடிப்பாரா?" அப்பா பீடியைத் தொட்டதே இல்லை. தொடாதவர்களுக்கும் இது வருகிறது. பிடித்தவராகவே இருந்தாலும், படுத்துக் கிடப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது? நானும் முன்பு யாரிடமோ கேட்டிருக்கிறேன். இனி சத்தியமாகக் கேட்க மாட்டேன்.

நேற்று, "தாம்பரம் வந்தாச்சு, இறங்கலாம் ஐயா" என்றதும் அப்பா எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்துத் தரச் சொல்லி, இரண்டு முறை ஊதினாராம். அந்த மூச்சில் எவ்வளவு சத்தம் வந்திருக்குமோ.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். அதுவரை உன்கிட்டயே இருக்கட்டும் என்று விசிலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.