சம்பளச் சீட்டுகளோடு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, தம்பி எழுதுவது.

சுகமாக இருக்கிறேன். இன்னும் ராத்திரி ஷிஃப்ட்தான். கிடங்கில் பெட்டி அடுக்கிவிட்டு விடியற்காலை அறைக்கு வந்தால், பகல் ஷிஃப்ட்காரர் எழுந்துபோன கட்டிலில் சூடுகூட ஆறியிருக்காது. அதிலேயே விழுந்து தூங்குவேன். பாஷை ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். அதனாலேயே இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

ஓவர்டைம் இல்லை என்று நான் சொன்னது பொய், அண்ணே. இரண்டு வருஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. என்னை அனுப்ப வாங்கின கடனுக்கு நீங்கள் ஒற்றை ஆளாக வட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வந்தேன். 24 சம்பளச் சீட்டுகளை இதோடு வைத்திருக்கிறேன். ஓவர்டைம் வரியைப் பேனாவால் கோடிட்டிருக்கிறேன்.

அழாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். பாவ அறிக்கை ஜெபத்தில் தேம்பித் தேம்பி அழுவேன். பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டிக்கொடுப்பார். வெளியே வந்தால் பாரம் இறங்கின மாதிரி இருக்கும். சம்பளம் வந்ததும் மறுபடி அதே கணக்கில் போடுவேன். அழுகையையே அபராதமாகக் கட்டிவிட்டு அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

51-ம் சங்கீதத்தில் ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து’ என்று தாவீது சொல்கிறாரே, அந்த வசனத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். ஆண்டவரிடம் சொல்லியாயிற்று, அண்ணனிடம் எதற்கு? பிறகுதான் உறைத்தது: உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைச் சாகவும் வைத்தவர் தாவீது; அதைப் பாடும்போது உரியா செத்துப்போயிருந்தான். அவனிடம் போய்ச் சொல்ல வழியில்லை. எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

போன மாசம் “உனக்கே அங்கே கஷ்டம், இந்தத் தடவை அனுப்பாட்டியும் பரவாயில்லைடா” என்றீர்கள். போனை வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ‘அவரைத் தெரியாது’ என்று மூன்று தரம் மறுதலித்த பேதுருவை, சேவல் கூவினபோது கர்த்தர் திட்டவில்லை; திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குக் கண்ணீர் வரவில்லை, அது ஒரு ஆச்சரியம். வாய் மட்டும் உலர்ந்துபோயிற்று.

பணத்தைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்றும் எனக்குத் தோன்றவில்லை. யூதாசும் இயேசுவைக் காட்டிக்கொடுக்க வாங்கின 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனவன்தான். ஆனால் போனது ஆசாரியரிடம், இயேசுவிடம் அல்ல. பவுல் லௌகிக துக்கம் என்று எழுதுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். மாட்டிக்கொள்வேனோ, பெயர் கெடுமோ என்ற துக்கம் எனக்கு நிறையவே இருந்தது. உங்களை நினைத்து வந்த துக்கம் இப்போதுதான்.

அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற ஆயக்காரன் சகேயு மாதிரி கொடுக்க என்னால் ஆகாது. எண்ணாகமம் 5-ல் சொன்னபடி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி அனுப்புகிறேன். பாதி இந்த வாரம், மீதி ஆறு மாசத்தில். வட்டிக்கடனை முதலில் அடையுங்கள்.

இதற்கு முன் எழுதின கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதில் கடைசியாக, ‘அண்ணிக்கும் அம்மாவுக்கும் தெரிய வேண்டாம்’ என்று எழுதியிருந்தேன். சவுல் ராஜாவும் ‘பாவஞ்செய்தேன்’ என்று சொன்ன மூச்சிலேயே, மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்டானே, அந்த ஞாபகம் வந்துவிட்டது. அண்ணியிடம் இதை வாசிக்கக் கொடுங்கள். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை நானே போனில் சொல்கிறேன்; அதுவரை நீங்கள் எனக்காக எதுவும் சொல்லி வைக்க வேண்டாம்.

உங்கள் தம்பி