வட்டத்தை வரையத் தெரிந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில் வட்ட விளக்கப்படம் ('பை சார்ட்') பற்றி வந்த பாடத்தைப் படித்தேன். 100 சதவீதம் என்றால் 360 பாகை, 1 சதவீதத்துக்கு 3.6 பாகை, பாகைமானியை எப்படி வைப்பது என்றெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். வரைந்து முடித்த வட்டத்தை எப்படிப் படிப்பது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள். போன மாதம் இருபது பேரிடம், "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று கேட்டு வட்டம் வரையச் சொன்னேன். தமிழ் 17, மலையாளம் 10, தெலுங்கு 2 என்று வந்தது. ஒரு பிள்ளைக்கு 18 பாகை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழுக்கு 306 பாகை போட்டான். மலையாளத்துக்கு 180 வேண்டும், மிச்சமிருந்ததோ 54. நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "டீச்சர், வட்டம் பத்தல" என்றான்.

அவன் பெருக்கலில் தப்பே இல்லை. எல்லையோரத்தில் அம்மாவிடம் தமிழும் பாட்டியிடம் மலையாளமும் பேசுகிற பிள்ளை இரண்டு கணக்கிலும் வந்துவிடுகிறது. வட்டத்திலோ ஒருவருக்கு ஒரே ஒரு துண்டில்தான் இடம். இந்த வகைப் படத்தை 1801-இல் முதலில் அச்சிட்டவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். துருக்கிப் பேரரசின் நிலம் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று அவர் காட்டினார். ஒரே நிலம் இரண்டு கண்டத்தில் இருக்க முடியாது, அதனால் அந்த வட்டம் சரியாக நிறைந்தது. நாங்கள் மறுபடி பிரித்தோம்: தமிழ் மட்டும் 8 பேர், மலையாளம் மட்டும் 3, தமிழும் மலையாளமும் 7, தமிழும் தெலுங்கும் 2. இப்போது 144, 54, 126, 36 என்று 360 பாகையும் சரியாக நிறைந்தது. இரண்டு மொழிக்கும் சேர்த்து ஒரு துண்டு கிடைத்ததில் அந்தப் பையனுக்கு அத்தனை சந்தோஷம். அவன் அந்த ஏழு பேரில் ஒருவன்.

அடுத்த தடுமாற்றம், மொத்தம் எவ்வளவு என்று கேட்காமலே பதில் சொல்வது. எங்கள் பக்கம் மாடு வைத்திருக்கும் வீடுகள் அதிகம், அதனால் பால் கணக்கையே கொடுத்தேன். ஒரு சங்கத்தின் வட்டத்தில் காலைப் பால் 40 சதவீதம், இன்னொன்றில் 25 சதவீதம், எங்கே காலைப் பால் அதிகம்? எல்லாரும் ஒரே குரலில் 40 என்றார்கள். முதல் சங்கத்தில் மொத்தம் 500 லிட்டர், அடுத்ததில் 1,200 லிட்டர் என்று அப்புறம் சொன்னேன். 200-ம் 300-ம் ஆனதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. பங்கு வேறு, அளவு வேறு. இதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்க விட வேண்டும், விதியாக எழுதிப் போட்டால் நிற்காது.

பெயரும் குழப்புகிறது. 'பை சார்ட்' என்றதும் 3.14-ஐப் போட்டுப் பெருக்க ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கணக்குப் 'பை'க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இந்தப் 'பை' வட்டமாகச் சுட்டுத் துண்டு போடுகிற மேலைநாட்டுப் பண்டம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்துவிடும்.

வட்டம் எதைச் சொல்லாது என்பதையும் கற்றுத்தர வேண்டும். தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. அதன்படி கேரளத்துக்கு ஆண்டுக்கு மணக்கடவில் 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி), சோலையாற்றில் 12.3 டி.எம்.சி. தண்ணீர். இரண்டையும் வட்டமாக்கினால் மணக்கடவு வழியாக எங்கள் சித்தூர்ப் பக்கம் வரும் பங்கு சுமார் 133.5 பாகை. பிள்ளைகள் ஆசையாக வரைந்தார்கள். ஒரு பெண்ணின் அப்பா, நெல் போடுகிறவர், அதைப் பார்த்துவிட்டு, "கணக்குக்குத் தண்ணி வந்துடும் டீச்சர், கதிர் வர்ற நேரத்துக்கு வரணுமே" என்றார். எந்த மாதம் எவ்வளவு வந்தது என்பதை இந்த வட்டம் காட்டாது. அதற்குப் பன்னிரண்டு பட்டைகளோடு பட்டை விளக்கப்படம்தான் வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்று தேர்ந்தெடுக்கவும் பாடத்தில் இடம் வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

ஒரு மனக்குறையும் உண்டு. சில மாதங்களுக்கு முன் பிள்ளைகள் ஒரு மாதிரி வினாத்தாள் கொண்டுவந்தார்கள். வண்ணத்தில் அச்சான வட்டத்தைக் கறுப்பு-வெள்ளையில் நகல் எடுத்திருந்தார்கள். பச்சை எது, நீலம் எது? எல்லாமே சாம்பல். கேள்வியோ, "நீலப் பகுதி எதைக் குறிக்கிறது?" நன்றாகப் படிக்கிற ஒரு பெண் அந்த நான்கு மதிப்பெண்ணை விட்டுவிட்டு அழுதாள். துண்டுக்குள்ளேயே பெயரை எழுதியிருந்தாலோ, கோடும் புள்ளியுமாக நிரப்பியிருந்தாலோ எந்த நகலிலும் தெரிந்திருக்கும். வண்ணம் பிரித்தறிய முடியாத கண் உள்ள பிள்ளைக்கும் அது உதவும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வட்ட விளக்கப்படம் போடும்போது துண்டுக்குள் பெயரையும், கீழே மொத்த எண்ணிக்கையையும் அச்சிடுங்கள். இங்கே பாகைமானியோடு இருபது பேர் அளந்து பார்க்கக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை