புடவையைக் கெடுத்தது பூச்சியன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த தை மாதம், பேத்தியின் நிச்சயதார்த்தத்தன்று அவளுக்கு உடுத்திவிடலாம் என்ற ஆசையில், 1952இல் காஞ்சிபுரத்தில் எடுக்கப்பட்ட என் தாயாரின் கூறைப்புடவையைப் பீரோவிலிருந்து எடுத்தேன். பிரித்தபோது, மடித்த கோடுகளின் வழியே கத்தியால் கீறியதுபோல் பட்டு இற்று விட்டுப்போயிருந்தது. சரிகைக் கரையின் குறுக்கே ஒரு கரிய கோடும் விழுந்திருந்தது. பூச்சியோ எலியோ செய்த சேதமன்று அது. முப்பதாண்டுகளாக நான் அக்கறையோடு செய்துவந்த பராமரிப்பே அதைக் கெடுத்தது என்பது, விவரம் அறிந்தவர்களிடம் விசாரித்த பிறகே புரிந்தது.

கரிய கோட்டுக்குக் காரணம், பிளாஸ்டிக் உறையின் மேல் நான் போட்டிருந்த ரப்பர் பேண்ட். அக்காலச் சரிகை, பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி மெல்லிய பொன்பூச்சு ஏற்றியது. ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பிளாஸ்டிக் உறையோ ஈரத்தை உள்ளே அடைத்துவைத்துப் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கிறது. மறைந்த என் பாட்டி, கஞ்சி போகப் பலமுறை துவைத்து மெலிந்த பழைய வேட்டியில்தான் பட்டைச் சுற்றிவைப்பார். பருத்தி காற்றை உள்ளே விடும்; கஞ்சி இல்லாததால் இராமபாணப் பூச்சியும் நாடாது. அதை விட்டுவிட்டு உறைக்கு மாறியது நான்தான்.

தங்கள் நாளிதழைக் குறை கூறுவதாகக் கொள்ள வேண்டாம். ஆனால் பீரோத் தட்டில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் பட்டை அடுக்குவதும் தவறு. செய்தித்தாள் சில மாதங்களிலேயே பழுத்துப்போவதற்குக் காரணமான அமிலம், தொட்டுக்கொண்டிருக்கும் துணியையும் நாளடைவில் நலியச் செய்யும்.

மடிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே கோட்டில் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடக்கும் பட்டிழை அங்கேயே ஒடிகிறது. சரிகை உலோகமாதலால் இன்னும் விரைவில் ஒடிகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றி, மடிப்புக்குள் மெல்லிய பருத்தித் துணியைச் சுருட்டிவைத்தால் கோடு ஆழமாக விழாது. மிகவும் நலிந்த புடவையை மடிக்கவே கூடாது. துவைத்த பருத்தித் துணி சுற்றிய தடித்த குழலில், சரிகையின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டிவைப்பதே நல்லது. ஹேங்கரில் தொங்கவிடுவது வசதிதான் என்றாலும், கனத்த கரையும் முந்தியும் தம் பாரத்தாலேயே புடவையின் மெல்லிய உடல்பகுதியைக் கிழித்துவிடும். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவோருக்கு ஒரு தகவல்: அருங்காட்சியகங்களில் பழந்துணிகளின்மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) மேல் ஒளி படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வெளிறிய சாயம் திரும்ப வராது.

பாச்சை உருண்டையை அறவே விட்டுவிடலாம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அதன் ஆவி பட்டாலே இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை முற்றக்கூடும். பச்சிளங்குழந்தையைப் பாட்டியின் புடவையில் கிடத்தும் வழக்கமுள்ள நம் வீடுகளில் இதை அலட்சியம் செய்யலாகாது. அதற்குப் பதிலாக வசம்பையோ உலர்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து, பட்டின்மேல் படாமல் தட்டின் ஓரத்தில் வைக்கலாம். ஆயினும் மழைக்காலம் கழிந்து மாசி, பங்குனியில் நிழலில் காற்றாட விரித்து, இரு பக்கமும் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக எந்த மருந்தும் இல்லை. அரக்குச் சிவப்புச் சாயம் ஓடக்கூடும் என்பதால் வீட்டில் நனைக்கும் விஷப்பரீட்சை வேண்டாம்.

இற்றுப்போன புடவையை வெள்ளிக்காக எரிப்பவர்களிடம் எடைக்குப் போடுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கொடாலிக்கருப்பூரில் நெய்து சாயமிட்ட புடவைகள் இன்று அருங்காட்சியகங்களில்தான் எஞ்சியிருக்கின்றன. கிழிந்த கூறைப்புடவையிலும், கரையையும் உடலையும் நெசவிலேயே கோத்து இணைக்கும் அதன் கோர்வை வேலைப்பாட்டை நெசவாளர் ஒருவர் பார்த்துக் கற்க முடியும்.

1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் தனியார் பட்டு மாளிகைகளும், விற்கும் ஒவ்வொரு புடவையோடும் இவ்விவரங்களைத் தமிழில் அச்சிட்ட ஒரு சீட்டையும், பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாகக் கஞ்சியற்ற ஒரு பருத்திப் பையையும் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கும்பகோணம்.