நின்ற இடத்திலிருந்தே ஒரு தாண்டல்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் தேசிய உள்ளரங்கத் தடகளப் போட்டி 1906-இல் நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொடங்கியது பற்றிய கட்டுரையை உங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். ஓட்டங்களை விரிவாக எழுதியவர், நின்றபடி தாண்டும் போட்டிகளை ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்தக் காலத் தடகளத்தின் தனி முகமே அதுதான் என்பேன். ஓடிவந்து தாண்ட நீளமான பாதை வேண்டும். நின்ற இடத்திலிருந்து எம்பச் சின்ன இடம் போதும். கூரைக்கு அடியில் இதைவிடப் பொருத்தமானது எது? சிறுவயதில் போலியோவால் நடக்க முடியாமல் இருந்த அமெரிக்க வீரர் ரே யூரி, இவ்வகைப் போட்டிகளில்தான் 1900 முதல் 1908 வரை எட்டு ஒலிம்பிக் தங்கம் வென்றார் (1906 ஏதென்ஸ் போட்டியில் வென்ற பதக்கங்கள் அதிகாரபூர்வ ஒலிம்பிக் கணக்கில் சேராது). 1912-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இவை இல்லை.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தபோது, மழை நாள்களில் பள்ளித் தாழ்வாரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு இதையே நடத்துவேன். ஓட்டத்தில் கடைசியாக வரும் பையன் இதில் முதலில் வந்து நிற்பான். அப்புறம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யூரியைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றைச் சிறுவர் பக்கத்தில் வெளியிடலாம்.

- ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர்